1988 ஆறாம் ஆண்டு வகுப்பு: ரிமூவுக்குப் போன என் பக்கத்து இருக்கைக்காரியைத் தேடுகிறேன்

ரயில்கேட் | செவ்வாய், இரவு 9.40

வணக்கம். இந்த ஆண்டு தைப்பூசத்துக்குப் பல வருடங்கள் கழித்துப் பினாங்குக்குப் போனேன். தண்ணீர்மலை அடிவாரத்தில் ஒரு தண்ணீர்ப் பந்தலில் மோர் குடித்துக்கொண்டு நின்றபோது, சாலைக்கு எதிர்ப்புறம் ஒரு பெண் நடந்து போனாள். இடது தோளைக் கொஞ்சம் தூக்கி வைத்த நடை. தமிழ்ப்பள்ளியில் ஆறு வருடம் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளின் நடை அது. கூட்டத்தைத் தாண்டிப் போவதற்குள் ஆளைக் காணவில்லை. கோலாலம்பூர் திரும்பிப் பத்து நாள் ஆகியும் மனம் ஓயவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

பட்டர்வொர்த் பக்கம் ஒரு தமிழ்ப்பள்ளி. 1983-ல் முதலாம் ஆண்டு சேர்ந்தோம், 1988-ல் ஆறாம் ஆண்டு முடித்தோம். இது பொது இடம், பள்ளியின் பெயரோ ஆட்களின் பெயரோ வேண்டாம். அடையாளம் சொல்கிறேன்: வகுப்புக்குப் பின்னால் இரண்டு மாமரம். கேட்டுக்கு வெளியே சிரப் ஊற்றிய ஐஸ் உருண்டை விற்கும் மாமா. ரயில் போகும்போது வாத்தியார் பாடத்தை நிறுத்திவிட்டுக் காத்திருப்பார். நான் ரயில்வே குவார்ட்டர்ஸ் பிள்ளை. அப்பாவுக்குப் பாயின்ட்ஸ்மேன் வேலை.

அந்த வருடத் தேர்வு முடிவு வந்த நாளில் பள்ளிச் சபையில் ஒரு பட்டியல் வாசித்தார்கள். இடைநிலைப் பள்ளியின் முதல் வகுப்பான ஃபார்ம் ஒன்றுக்கு நேராகப் போகிறவர்களின் பட்டியல். என் பெயர் வந்தது, அவள் பெயர் வரவில்லை. மறு ஜனவரியில் இருவரும் ஒரே இடைநிலைப் பள்ளிக்குத்தான் போனோம். நான் ஃபார்ம் ஒன்று, அவள் அதற்கு முந்திய ரிமூவ் வகுப்பு. முதல் வாரத்தில் ஒரு நாள் சிற்றுண்டிச் சாலையில் அவள் என்னைப் பார்த்துக் கையசைத்தாள். நான் புதுச் சிநேகிதிகளோடு நின்றிருந்தேன். பார்க்காததுபோலத் திரும்பிக்கொண்டேன். அவள் படிக்காமல் கோட்டை விட்டுவிட்டாள், ஒன்றாகப் போகலாம் என்று சொல்லிவிட்டு ஏமாற்றிவிட்டாள் என்று எனக்கு அப்போது கோபம். அப்புறம் அப்பாவுக்குக் கோலாலம்பூர் செந்தூலுக்கு மாற்றல் வந்தது. அத்தோடு போனது.

எங்கள் வகுப்புக்காரர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். எல்லோருக்கும் இந்த வருடம் 50 ஆகிறது. வாழ்க்கை எங்கே கொண்டுபோய் விட்டது, நினைத்ததற்கு மாறாக என்ன நடந்தது என்று கேட்க ஆசையாக இருக்கிறது.

மூன்றாம் பெஞ்சு | செவ்வாய், இரவு 10.15

ஐஸ் உருண்டை மாமாவின் சைக்கிளில் ஒரு பக்கம் மணி, ஒரு பக்கம் ரப்பர் ஹாரன். சரியா?

நான் உனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவன். உன் இரட்டைச் சடை ரிப்பனை நாற்காலியோடு கட்டியது நான்தான். 38 வருடம் கழித்து மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

நானும் ரிமூவ்தான். பாகான் டாலாமில் பிறந்தேன், இப்போதும் அங்கேதான். கன்டெய்னர் லாரி ஓட்டுகிறேன். மிச்சத்தை நாளை எழுதுகிறேன், காலை நாலு மணிக்குத் துறைமுகத்தில் இருக்க வேண்டும்.

ரயில்கேட் | செவ்வாய், இரவு 10.21

ஐயோ, நீயா! ஹாரனை நான் மறந்தே போயிருந்தேன். படித்ததும் காதில் கேட்கிறது.

புக்கிட் ஜாலில் பையன் | புதன், காலை 8.05

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். என் அம்மாவும் உங்கள் வயதுதான், பேராக்கில் படித்தவர். ரிமூவ் என்றால் தோற்றுப்போனவர்கள் மறுபடி படிக்கும் வகுப்பா? அம்மாவிடம் கேட்டால் "அதெல்லாம் அந்தக் காலம்" என்று பேச்சை மாற்றிவிடுகிறார்.

சபை மணி | புதன், மதியம் 2.50

தம்பி, அப்படி இல்லை. ரிமூவ் என்பது புகுமுக வகுப்பு. தமிழ்ப்பள்ளி, சீனப்பள்ளியில் ஆறாண்டு படித்தவர்கள் மலாய் வழி இடைநிலைப் பள்ளிக்குப் போகும் முன் மலாயைப் பலப்படுத்திக்கொள்ள ஒரு கூடுதல் வருடம். மலாய்ப் பாடத்தில் போதிய தேர்ச்சி இருந்தால் அதைத் தாண்டி நேராக முதலாம் படிவம், அதாவது ஃபார்ம் ஒன்று, போகலாம். இல்லாவிட்டால் ரிமூவ். கணிதத்தில் வகுப்பிலேயே முதலாக வந்தவன்கூட மலாயில் குறைந்தால் அங்கேதான் போவான். ஆனால் வீட்டிலும் தெருவிலும் "ஃபெயில்" என்றே சொன்னார்கள். உங்கள் அம்மா பேச்சை மாற்றுவது அதனால் இருக்கலாம்.

ரயில்கேட், நான் யார் என்று பெயரைப் பார்த்ததுமே தெரிந்திருக்கும். மணி அடிக்கும் வேலை ஆறாம் ஆண்டில் எனக்குத்தான். இப்போது தமிழ்ப்பள்ளி ஆசிரியராக இருக்கிறேன், கெடாவில்.

நம் வகுப்புக்கு ஒரு தனிக் கணக்கு உண்டு. 1983-ல் கே.பி.எஸ்.ஆர். என்ற புதிய தொடக்கப்பள்ளிப் பாடத்திட்டம் நாடு முழுவதும் தொடங்கியபோது முதலாம் ஆண்டில் நுழைந்தவர்கள் நாம். 1988-ல் ஆறாம் ஆண்டுக்கான யு.பி.எஸ்.ஆர். தேர்வு முதன்முதலாக வந்தபோது அதை எழுதியவர்களும் நாம். ரிமூவ் போன நம் நண்பர்கள் 1992-ல் மூன்றாம் படிவத்தில் எழுதிய எஸ்.ஆர்.பி.தான் கடைசி எஸ்.ஆர்.பி. 1993-ல் அதற்குப் பதிலாகப் பி.எம்.ஆர். வந்துவிட்டது. ஒரு தேர்வைத் திறந்து வைத்துவிட்டு, இன்னொரு தேர்வை மூடிவிட்டு வந்த வகுப்பு.

அந்தப் பட்டியலைச் சபையில் வாசித்தது யார் என்று உனக்கு நினைவிருக்கிறதா? வாத்தியார் என் கையில் கொடுத்தார். நான்தான் வாசித்தேன்.

ரயில்கேட் | புதன், மாலை 6.30

வாத்தியார் வாசித்ததாகத்தான் இத்தனை வருடமும் நினைத்திருந்தேன்.

கிணற்றடி | புதன், இரவு 11.10

என் கஸின் இந்த இணைப்பை அனுப்பினாள். நானும் அதே வகுப்புதான். கிணற்றுக்குப் பக்கத்தில் இருந்த வரிசையில் கடைசி.

எல்லோரும் இனிமையாகப் பேசுகிறீர்கள், நான் கொஞ்சம் கசப்பாகத்தான் சொல்லப்போகிறேன். ரிமூவ் கூடுதல் வருடம், மலாய் பலப்படும் என்பதெல்லாம் சரி. ஆனால் அந்த வருடத்துக்குப் பஸ் காசு யார் கொடுத்தது? எங்கள் வீட்டில் அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். ஐந்து பிள்ளைகள். ரிமூவ் படிக்கும்போதே நான் வயதுக்கு வந்தேன். அப்பா விரல் விட்டு எண்ணினார்: மற்ற பிள்ளைகள் 15 வயதில் முடிக்கும் மூன்றாம் படிவத்தை நான் முடிக்கும்போது 16. அதற்கு மேல் இரண்டு வருடம். "பொம்பளப் பிள்ளைய அவ்வளவு நாள் எப்படி அனுப்புறது?" என்று அத்தை கேட்டார். 1991-ல் இரண்டாம் படிவத்தோடு நிறுத்தினார்கள். அந்த ஒரு வருடம் இல்லாமல் இருந்திருந்தால் அப்போது நான் மூன்றாம் படிவத்தில் இருந்திருப்பேன், எஸ்.ஆர்.பி. எழுதி ஒரு சான்றிதழாவது கையில் இருந்திருக்கும். என்னைப்போல எத்தனை பெண்கள் அந்த இடைவெளியில் விழுந்தார்கள் என்று யாரும் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

16 வயதில் ஃபேக்டரி. விடிவதற்கு முன்பே ஃபேக்டரி பஸ் எங்கள் கம்பத்து (கிராமத்து) முனைக்கு வந்துவிடும், பாலத்தைத் தாண்டிப் பாயான் லெப்பாஸ் போகும். தலைமுதல் கால்வரை வெள்ளை உடை, கண் மட்டும் வெளியே. மைக்ரோஸ்கோப்பில் குனிந்து, தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பியைச் சிப்பில் சரியான புள்ளியில் இணைக்க வேண்டும். மூன்று ஷிப்ட் மாறி மாறி வரும். முதல் மாதச் சம்பளத்தில் அம்மாவுக்குச் சேலை எடுத்துக் கொடுத்துவிட்டு, பள்ளி பஸ் போகும் நேரத்தில் வெளியே வராமல் வீட்டுக்குள்ளேயே இருந்தேன். சீருடை போட்ட சிநேகிதிகளைப் பார்க்க முடியவில்லை.

1998 பொருளாதார நெருக்கடியில் ஓ.டி. நின்றது, பாதிப் பேரை அனுப்பினார்கள். நான் தப்பித்தேன். அப்புறம் கம்பெனி சிலரைப் பினாங்குத் திறன் மேம்பாட்டு மையத்துக்குப் பயிற்சிக்கு அனுப்பியது. சான்றிதழே இல்லாத என்னை ஏன் அனுப்பினார்கள் என்றால், இயந்திரம் நின்றால் ஏன் நின்றது என்று மலாயில் தெளிவாக எழுதிவைப்பவள் எங்கள் வரிசையில் நான் ஒருத்திதான். அந்த மலாய் எங்கே வந்தது? ரிமூவில். கசப்பாக ஆரம்பித்தேன், இதையும் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை.

இப்போது கூலிம் பக்கம் ஒரு ஆலையில் புதிதாக வருபவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். நேபாளம், வங்காளதேசத்திலிருந்து வரும் பையன்கள். மலாயில்தான் சொல்லித் தருகிறேன். இரண்டாம் படிவத்தோடு நின்றவள் வெள்ளைப் பலகை முன்னால் நிற்பேன் என்று யார் நினைத்தது? முதல் நாள் மார்க்கர் பிடித்தபோது கை நடுங்கியது.

மூன்றாம் பெஞ்சு | வியாழன், மாலை 5.20

கிணற்றடி, நீ நிறுத்தப்பட்டது அன்றைக்கு எங்களுக்குத் தெரியவே இல்லை. நாற்காலி காலியாக இருந்தது, கல்யாணம் ஆகிவிட்டது என்று யாரோ சொன்னார்கள், நம்பிவிட்டோம். பொய் என்று இப்போதுதான் தெரிகிறது.

ஆனால் ரிமூவ் பற்றி எனக்கு வேறு எண்ணம். என் வாழ்க்கையில் பள்ளிக்கூடம் பிடித்திருந்த ஒரே வருடம் அது. தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் பெஞ்சு என்றால் அடி வாங்குகிற பெஞ்சு. ரிமூவில் எல்லோரும் பூஜ்யத்திலிருந்து ஆரம்பித்தோம், தமிழ்ப் பிள்ளை, சீனப் பிள்ளை எல்லாம் ஒன்றாக. எனக்கு இன்றைக்கும் நெருங்கிய நண்பன் அங்கே பக்கத்தில் உட்கார்ந்த சீனப் பையன்தான். அவன் அப்பாவின் லாரியில் உதவியாளாக ஏறித்தான் நான் தொழில் கற்றேன்.

எஸ்.ஆர்.பி.யில் தவறினேன். அப்போது அதில் தவறினால் நான்காம் படிவம் கிடையாது. அடுத்த வருடம் பி.எம்.ஆர். எழுதியவர்கள் எல்லோரும் மேலே போனார்கள். ஒரு வருடம் தாமதமானது எனக்குப் போதவில்லை. இரண்டு வருடம் தாமதமாகியிருந்தால் நானும் ஐந்தாம் படிவம் வரை போயிருப்பேன். இதை லாரி ஓட்டும்போது பல தடவை நினைத்திருக்கிறேன்.

எதிர்பாராதது என்று கேட்டாய். எனக்கு மூன்று பெண் பிள்ளைகள். மூத்தவள் யு.எஸ்.எம். பல்கலைக்கழகத்தில் மருந்தியல். அவளைக் கொண்டுபோய் விட்ட அன்று வளாகத்துக்குள் எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் வண்டியை வாசலிலேயே வைத்துவிட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு மேடு ஏறினேன். மகள் "விடுங்கப்பா, நான் தூக்குறேன்" என்றாள். நான் விடவில்லை.

செந்தூல் தாத்தா | வியாழன், இரவு 8.45

பிள்ளைகளே, நான் உங்கள் வகுப்பு இல்லை, உங்கள் அப்பாமார் வயது. செந்தூல் ரயில்வே பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். நானும் ரிமூவ் படித்தேன், 1967-ல். ஆனால் எங்களுக்கு அது மலாய்க்காக இல்லை, ஆங்கிலத்துக்காக. அப்போது இடைநிலைப் பள்ளியில் ஆங்கிலத்தில்தான் பாடம். தமிழ்ப்பள்ளிப் பிள்ளை என்றால் வாயைத் திறக்கவே பயம். ஒரு வருடம் முழுக்க "ஐ ஆம் எ பாய்" என்று சொல்லி, கடைசியில் பட்டறையில் வெள்ளைக்காரன் விட்டுப்போன இயந்திரக் குறிப்புகளை வாசிக்கத் தெரிந்தவன் என்று எனக்கு மேஸ்திரி வேலை கொடுத்தார்கள். மொழி மாறியிருக்கிறது, பிள்ளைகள் அதே இடத்தில்தான் நின்றிருக்கிறார்கள்.

ரயில்கேட் அம்மா, அப்பா செந்தூலுக்கு வந்தார் என்றாய். எந்த வருடம்?

ரயில்கேட் | வியாழன், இரவு 9.02

1992, ஐயா. ரயில்வே கார்ப்பரேஷன் ஆன வருடம். அப்பா இப்போது இல்லை. உங்களுக்கு அவரைத் தெரிந்திருக்கும். தனியே எழுதுகிறேன்.

சபை மணி | வெள்ளி, இரவு 10.30

மூன்று நாளாக யோசித்து எழுதுகிறேன்.

அந்தப் பட்டியலில் 14 பேர் பெயர் இருந்தது. என் பெயர் ஐந்தாவது. வாசிக்கும்போது எனக்கு ஒரே பெருமை. முடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தால், பெயர் வராதவர்கள் இன்னும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இன்னொரு தாள் இருக்கும் என்று நினைத்திருக்கிறார்கள். என்னிடம் வேறு தாள் இல்லை. மணியை அடித்தேன். எல்லோரும் வகுப்புக்குப் போனோம்.

ஆசிரியரான பிறகு ஆறாம் ஆண்டுக்குப் பல வருடம் பாடம் எடுத்தேன். 2019-ல் நடந்ததுதான் கடைசி யு.பி.எஸ்.ஆர். 2020-ல் தொற்றுக் காலத்தில் ரத்தானது, 2021-ல் தேர்வையே எடுத்துவிட்டார்கள். அத்தனை வருடத்தில் ஒரு தடவைகூட முடிவைச் சபையில் வாசிக்கவில்லை. ஒவ்வொரு பிள்ளையாக மேசைக்குக் கூப்பிட்டு, பெற்றோரை உட்கார வைத்து, தாளைத் திருப்பிக் காட்டுவேன். ரிமூவ் என்று வந்தால் அந்த வீட்டுக்கு மாலையில் போவேன். பெண் பிள்ளை என்றால் கட்டாயம் போவேன். கிணற்றடி எழுதியது எனக்குப் புதிதல்ல. "இன்னும் ஒரு வருஷமா சார்?" என்று கேட்ட அப்பாக்கள் எனக்குத் தெரியும். பஸ் காசைப் பெற்றோர் ஆசிரியர் சங்கத்திலிருந்து வாங்கிக் கொடுத்த பிள்ளைகள் இருக்கிறார்கள். இரண்டு பேரை மட்டும் என்னால் பள்ளியில் தக்கவைக்க முடியவில்லை. அவர்களின் பெயர் இன்றும் நினைவில் இருக்கிறது.

மலாய் வேண்டாம் என்று நான் ஒருநாளும் சொல்லமாட்டேன். தாய்மொழியில் ஆறு வருடம் படித்த பிள்ளைக்கு அந்தப் பாலத்தை ஆறாண்டுக்குள்ளேயே கட்டிக் கொடுக்க வேண்டியது எங்கள் வேலை. 13 வயதில், வீடு அவர்களை எண்ணிப் பார்க்கிற வயதில், ஒரு வருடத்தைக் கேட்கக் கூடாது.

மூன்றாம் பெஞ்சு | வெள்ளி, இரவு 10.48

வாத்தியாரே, நான் உன்னை அன்றைக்குத் திட்டினேன். இன்றைக்கு இல்லை.

1988 என்றதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது. அந்த வருடம்தானே தீவுக்கு ஃபெர்ரி ஏறும் பட்டர்வொர்த் ஜெட்டி இடிந்தது? தேர்வுக்கு முன்னால். நம் வகுப்பில் யாரோ ஒருவரின் அம்மா அதில் மாட்டிக்கொண்டார்.

கிணற்றடி | வெள்ளி, இரவு 11.30

ஆமாம். ரயில்கேட் தேடுகிறவளின் அம்மாதான்.

ரயில்கேட் | சனி, அதிகாலை 1.15

தூக்கம் வரவில்லை. அவள் அம்மாவுக்கு அடிபட்டது எனக்குத் தெரியும். தெரிந்திருக்கிறது. ஆனால் அதையும் தேர்வையும் நான் ஒருநாளும் சேர்த்துப் பார்த்ததில்லை.

நான் என்னைப் பற்றிச் சொல்லவில்லை, இல்லையா. கணக்கியல் படித்தேன், பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு தணிக்கை அலுவலகத்தில் 18 வருடம். வகுப்பில் ஒரு வருடம் முந்தியவள், வேலையிலும் முந்தினேன். அப்புறம் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது. அண்ணன் வெளிநாட்டில். வேலையை விட்டுவிட்டு நாலு வருடம் அம்மா பக்கத்திலேயே இருந்தேன். பேச்சு வராத அம்மா என்ன கேட்கிறார் என்று கண்டுபிடிப்பதிலேயே ஒரு நாள் போய்விடும். தண்ணீரா, திரும்பிப் படுக்கவேண்டுமா, வலியா. இப்போது வீட்டிலிருந்து சில சிறு கடைகளுக்குக் கணக்குப் பார்க்கிறேன். அம்மா போன வருடம் போய்விட்டார்.

அந்த நாலு வருடம் எனக்குக் கற்றுத் தந்ததை அவள் 12 வயதிலேயே கற்றிருக்கிறாள். அப்போது நான் அவள்மேல் கோபப்பட்டுக்கொண்டிருந்தேன்.

ஜன்னலோரம் | ஞாயிறு, மதியம் 3.40

ரயில்கேட், நான்தான்.

கிணற்றடி நேற்றுக் காலை இந்த இணைப்பை அனுப்பினாள். இரண்டு தடவை படித்தேன். முதலில் ஒன்று: தண்ணீர்மலையில் நீ பார்த்தது நான் இல்லை. தோளைத் தூக்கி நடப்பது நான்தான், ஆனால் அன்றைக்குத் தம்பி வீட்டில் இருந்தேன். யாரோ ஒருத்தி நடந்து போனதற்கு நாம் இருவரும் நன்றி சொல்ல வேண்டும்.

1988 ஜூலை 31, ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்கு அக்கரையில் சீனர்களின் திருவிழா, இங்கே புக்கிட் மெர்தாஜாமில் செயின்ட் ஆன் திருவிழா. ஜெட்டி முழுக்க ஜனம். அம்மா சித்தியைப் பார்க்கத் தீவுக்குப் போகக் கிளம்பியிருந்தார். கூட்டத்தின் பாரம் தாங்காமல் மேல்தளம் இறங்கிவிட்டது. 32 பேர் போய்விட்டார்கள். அம்மாவை இரவு எட்டு மணிக்குத்தான் கண்டுபிடித்தோம். வலது கால்.

இரண்டு மாதத்துக்கு மேல் மருத்துவமனை. அப்பாவுக்கு ஷிப்ட். தம்பிகள் சின்னவர்கள். பள்ளி விட்டதும் நான் நேராக அங்கே போய்விடுவேன். டாக்டர் வந்து மலாயில் சொல்வார். அம்மாவுக்குத் தமிழ் மட்டும்தான். இருவருமே என் முகத்தைப் பார்ப்பார்கள். எனக்குப் பாடப்புத்தக மலாய் தெரியும், "அலி சந்தைக்குப் போனான்" தெரியும். எலும்பு சேராததற்கு என்ன சொல், தெரியாது. எல்லாவற்றுக்கும் "யா, யா" என்று தலையாட்டினேன். அறுவை சிகிச்சைக்கு அம்மாவிடம் விரல் ரேகை வாங்கியபோதும் என்ன செய்யப்போகிறார்கள் என்று நான் அவருக்குச் சரியாகச் சொல்லவில்லை. கண் விழித்ததும் அம்மா என்னைக் கேட்டார், "காலுக்குள்ள இரும்பு வைப்பாங்கன்னு ஏன்டி சொல்லல?"

தேர்வில் மலாய்த் தாளைப் பார்த்ததும் அந்த வார்டுதான் கண்ணுக்குள் வந்தது. பாதித் தாளை வெறுமையாகக் கொடுத்தேன். படிக்காமல் இல்லை.

நீ சிற்றுண்டிச் சாலையில் பார்க்காமல் போனது எனக்கு வலித்தது. இல்லை என்று பொய் சொல்லமாட்டேன். அன்றைக்கு மட்டும் இல்லை, இரண்டு மூன்று வருடம் வலித்தது. ஆனால் அம்மா மருத்துவமனையில் இருந்தபோது ஹார்லிக்ஸ் பாட்டிலும் இரண்டு ஆரஞ்சுப் பழமும் தூக்கிக்கொண்டு தனியாகப் பஸ் ஏறி வந்தது யார்? நீதான். வார்டு வாசலில் உன்னை உள்ளே விடவில்லை, 12 வயது என்பதால். காவலாளியிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தாய். நீ எழுதியதில் அது இல்லை. மறந்துவிட்டாய் போலிருக்கிறது. நான் மறக்கவில்லை.

ரிமூவில் எங்களுக்கு ஒரு மலாய் ஆசிரியை. தினம் வீட்டில் யாராவது பேசிய ஒரு வாக்கியத்தைத் தமிழிலேயே கொண்டு வா, இங்கே மலாயில் எப்படிச் சொல்வது என்று பார்ப்போம் என்பார். மற்றவர்கள் "அம்மா சோறு ஆக்கினார்" என்று கொண்டுவருவார்கள். நான் அம்மாவின் காலைக் கொண்டுபோனேன். மரத்துப்போகுது. கடுக்குது. சுள்ளென்று குத்துது. நரம்பு இழுக்குது. தமிழில் வலிக்கு இத்தனை சொல்லா என்று ஆசிரியை ஆச்சரியப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் நேரம் எடுத்துத் தேடுவார். மரத்துப்போவது 'கெபாஸ்'. கடுப்பது 'லெங்குஹ்'. அவருக்கே சரியான சொல் கிடைக்காவிட்டால் தன் அம்மாவிடம் கேட்டு மறுநாள் சொல்வார். மூன்றாவது மாதம் கிளினிக்கில் டாக்டரிடம் நான் சொன்னேன்: இரவில் கெபாஸ், காலையில் எழுந்ததும் லெங்குஹ், நடந்தால் முட்டிக்குக் கீழே குத்தல். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். மாத்திரையை மாற்றினார். அந்த வாரம்தான் அம்மா முதன்முதலாக இரவு முழுக்கத் தூங்கினார்.

ஐந்தாம் படிவத்தில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வை 1994-ல் முடித்தேன். கொஞ்ச நாள் கிராணி (குமாஸ்தா) வேலை. அப்புறம் விண்ணப்பித்தேன், கிடைத்தது. நான் இப்போது நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளர். 27 வருடம் ஆகிறது. மலாயில் பட்டியலில் வராதவளின் சம்பளம் மலாய்க்கும் தமிழுக்கும் நடுவில் நிற்பதற்குத்தான் வருகிறது.

கூண்டில் நிற்பவரிடம் குற்றச்சாட்டை வாசித்து, புரிகிறதா, ஒப்புக்கொள்கிறீர்களா, விசாரணை கேட்கிறீர்களா என்று கேட்க வேண்டும். நம் ஆட்கள் பயத்தில் எல்லாவற்றுக்கும் "ஆமாங்க" என்பார்கள். "தப்புதாங்க, ஆனா நான் எடுக்கலங்க" என்பார்கள். அதில் முதல் சொல்லை மட்டும் மலாயில் சொன்னால் ஒரு மனிதர் உள்ளே போய்விடுவார். முழுதாகச் சொல்ல வேண்டும், அவர் சொன்ன வரிசையிலேயே. தலையாட்டுகிற யாரைப் பார்த்தாலும் எனக்குத் தெரியும், இவருக்குப் புரியவில்லை. நானும் அப்படித் தலையாட்டியவள்.

சபை மணி, உன்மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. கிணற்றடி சொன்னதுதான் சரி, அந்த வருடம் எனக்குக் கொடுத்ததை அவளிடமிருந்து பிடுங்கிக்கொண்டது. எனக்கு அப்பா தடுக்கவில்லை. அம்மாவுக்கு நான் தேவைப்பட்டேன், அதனால் நான் படிக்க வேண்டியிருந்தது. அவ்வளவுதான் வித்தியாசம்.

கிணற்றடி | ஞாயிறு, மாலை 4.05

கண் கலங்கி எழுத்து தெரியவில்லை. அப்புறம் எழுதுகிறேன்.

புக்கிட் ஜாலில் பையன் | ஞாயிறு, மாலை 6.50

இதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். முடிந்ததும் எழுந்து சமையலறைக்குப் போனார். கொஞ்ச நேரம் கழித்து வந்து, "எங்க ரிமூவ்ல 41 பேர்" என்று ஆரம்பித்தார். இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்.

ரயில்கேட் | ஞாயிறு, இரவு 9.30

ஹார்லிக்ஸ் எனக்கு நினைவே இல்லை. பஸ் ஏறியதும் நினைவில்லை. திரும்பிக்கொண்டது மட்டும் ஒவ்வொரு நொடியும் நினைவிருக்கிறது.

நான் உன்னைப் பார்க்க வரலாமா? சேர்ந்து ஃபெர்ரியில் அக்கரைக்குப் போய் பினாங்கு ஸ்ட்ரீட்டில் சாப்பிடலாம் என்று முதலில் நினைத்திருந்தேன். இப்போது ஜெட்டி என்று சொல்லவே தயக்கமாக இருக்கிறது. நீ எங்கே சொல்கிறாயோ அங்கே வருகிறேன்.

ஜன்னலோரம் | ஞாயிறு, இரவு 9.55

ஜெட்டியிலேயே பார்க்கலாம். என் நீதிமன்றம் லைட் ஸ்ட்ரீட்டில், வீடு இக்கரையில். வருடக்கணக்காக ஃபெர்ரியில்தான் வேலைக்குப் போகிறேன். முதல் மாதம் கஷ்டமாக இருந்தது, மேல்தளத்துக்குப் போகாமல் கீழேயே நின்றேன். இப்போது பழைய பெரிய ஃபெர்ரிகளும் இல்லை. 2023-ல் வந்த புதுசுதான், ஏசி போட்டது. கார் ஏற்றுவதில்லை, ஆட்களும் மோட்டார் சைக்கிளும் சைக்கிளும் மட்டும்.

அம்மாவும் வருவார். 74 வயது, கைத்தடியோடு நடக்கிறார். ஹார்லிக்ஸ் பிள்ளையா, கூட்டிக்கிட்டு வா என்றார்.

மூன்றாம் பெஞ்சு | ஞாயிறு, இரவு 10.10

அம்மா வருகிறார் என்றால் அக்கரையில் நடக்க வேண்டாம். என் மச்சானின் வேனைக் கொண்டு வந்து அந்தப் பக்கம் நிற்கிறேன். கிணற்றடி, உன்னைக் கூலிமிலிருந்து ஏற்றிக்கொண்டு பாலம் வழியாக வருகிறேன், எத்தனை மணிக்கு ஷிப்ட் முடியும் சொல்லு.

சபை மணி | ஞாயிறு, இரவு 10.25

சனிக்கிழமை என்றால் நானும் வருகிறேன். 1988 வகுப்புப் படம் என்னிடம் ஒரு பிரதி இருக்கிறது, ஓரம் கரையான் அரித்தது. ஐந்து பிரதி போட்டுக் கொண்டு வருகிறேன்.

ரயில்கேட் | ஞாயிறு, இரவு 10.40

கே.எல். சென்ட்ரலிலிருந்து காலை ரயில் எடுத்தால் மதியத்துக்குள் பட்டர்வொர்த் வந்துவிடுவேன். அப்பா வேலை பார்த்த ஸ்டேஷன், இறங்கியதும் ஜெட்டி பக்கம்தான். நரை கூடிவிட்டது, கண்ணாடி போட்டிருக்கிறேன், மெரூன் கலர் சுடிதார் போட்டு வருகிறேன். உன்னை எப்படிக் கண்டுபிடிப்பது?

ஜன்னலோரம் | ஞாயிறு, இரவு 10.44

ஜெட்டிக்குப் போகும் நடைபாலத்தின் தொடக்கத்தில் நிற்கிறேன். கையசைப்பேன்.